புள்ளியாகத் தெரியும் விண்மீனில் புள்ளிகளை வரைவது எப்படி?

ரிஷப மண்டலத்தில் எச்.ஆர். 1099 என்றொரு விண்மீன் இருக்கிறது. ஊர் வெளிச்சம் எட்டாத இடத்தில், நிலவில்லாத இரவில், நல்ல கண்பார்வை உள்ளவர்களுக்கு மங்கலாக ஒரு பொட்டுபோலத் தெரியும். பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் அது பொட்டுதான், இன்னும் கொஞ்சம் பிரகாசமான பொட்டு. ஆனால் அதன் முகத்தின் வரைபடம் நம்மிடம் இருக்கிறது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் போட்டு வரைந்த படம். வடதுருவத்தின் மேல் தொப்பி கவிழ்த்ததுபோல ஒரு பெரிய கரும்புள்ளி, அதற்குக் கீழே அங்கங்கே சிறிய திட்டுகள். ஒன்றல்ல, 1981 முதல் 1992 வரை மட்டும் 23 வரைபடங்கள்.

அந்த விண்மீன் சுமார் 100 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. ஒரு ரூபாய் நாணயத்தை ஏறத்தாழ 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, அந்த அளவுதான் அதன் வட்டம். அந்த நாணயத்தின் மேல் அழுக்கு எங்கே படிந்திருக்கிறது என்று சொல்கிறார்கள். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு வியப்பைவிடச் சந்தேகம்தான் அதிகமாக வந்தது. கண்ணால் பார்க்காத ஒன்றின் படத்தை எப்படி நம்புவது? வானியலாளர்களும் இதே கேள்வியோடு பல ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள். துருவத்தில் இருக்கும் அந்தக் கறுப்புத் தொப்பிதான் அந்தச் சண்டையின் மையம்.

முதலில் கரும்புள்ளி என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம்.

சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,800 கெல்வின் சூட்டில் இருக்கிறது. உள்ளேயிருந்து சூடான வாயு உலைநீர் கொதிப்பதுபோல மேலே வந்து, வெப்பத்தைக் கொட்டிவிட்டு, ஆறிக் கீழே இறங்குகிறது. வலுவான காந்தப்புலம் ஓரிடத்தில் திரண்டு வெளியே வந்தால், அங்கே மட்டும் இந்தக் கொதிப்பு முடங்கிவிடும். கீழிருந்து வரவேண்டிய சூடு வராததால் அந்த இடம் 4,000 கெல்வின் அளவுக்கு ஆறிப்போகிறது. ஒரு பரப்பு வீசும் ஒளி வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அதனால் இந்த வெப்ப வேறுபாடே அந்த இடத்தின் ஒளியை நான்கில் ஒரு பங்குக்குக் குறைத்துவிடும். உண்மையில் அது கறுப்பே இல்லை. தனியே எடுத்து இரவு வானில் வைத்தால் கண் கூசும். பக்கத்தில் இருப்பது அதைவிடப் பளிச்சென்று இருப்பதால்தான் கறுப்பாகத் தெரிகிறது.

புள்ளிகளுக்குள் காந்தப்புலம் இருப்பதை 1908-ல் ஜார்ஜ் எல்லரி ஹேல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட், புள்ளியின் ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். ஒளியை நிறம் வாரியாகப் பிரித்தால் தெரியும் கறுப்புக் கோடுகள், அதாவது நிறமாலைக் கோடுகள், இடம் நகர்ந்திருப்பதை வைத்துத்தான் அதைக் கண்டார். எவர்ஷெட் விளைவு என்று இன்றும் அதற்குப் பெயர். கோடு நகர்வதை வைத்து மேற்பரப்பில் நடப்பதைச் சொல்லும் அந்த உத்திதான், பிற்பாடு வேறு உருவில் வந்து தொலைவிண்மீன்களின் வரைபடங்களுக்கு அடிப்படையானது.

ஆனால் சூரியனின் புள்ளிகள் மிகச் சிறியவை. இதுவரை பதிவானவற்றில் மிகப் பெரியது 1947 ஏப்ரலில் தோன்றிய கூட்டம். அதுவே நமக்குத் தெரியும் அரைக்கோளத்தில் 0.6 சதவீதத்தைத்தான் மறைத்தது. சூரியனை எச்.ஆர். 1099 இருக்கும் தொலைவில் கொண்டுபோய் வைத்தால், இந்த மாதிரிப் புள்ளிகளைத் தரையிலிருந்து வரைபடமாக்க வழியே இல்லை. வரைய வேண்டுமென்றால் புள்ளிகள் பிரம்மாண்டமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் ஜோடி விண்மீன்கள்.

சூரியன் இளமையில் வேகமாகச் சுழன்றது. அதிலிருந்து வீசும் காற்று, காந்தப்புலத்தில் மாட்டிக்கொண்டு சுழற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்விட்டது. 460 கோடி ஆண்டுகளில் நடுக்கோட்டில் ஒரு சுற்றுக்கு 25 நாள் எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. வேகம் குறையக் குறையக் காந்தமும் அடங்கியது. நெருக்கமான இரட்டை விண்மீன்களில் இப்படி நடப்பதில்லை. நிலவு ஒரே முகத்தை நமக்குக் காட்டுகிறதே, அதே ஓத ஈர்ப்புதான் அங்கேயும் வேலை செய்கிறது. ஒன்றையொன்று சுற்றும் நேரமும் தன்னைத்தானே சுற்றும் நேரமும் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடுகின்றன. விண்மீன் காற்று சுழற்சியைப் பறித்துக்கொண்டு போனாலும், சுற்றுப்பாதையிலிருந்து எடுத்து அந்த இழப்பு ஈடுகட்டப்படுகிறது. ஆகவே வயதானாலும் வேகம் குறைவதில்லை.

எச்.ஆர். 1099-ம் உண்மையில் அப்படியொரு ஜோடிதான். அதன் இரண்டு விண்மீன்களும் 2.84 நாளில் ஒரு சுற்று முடிக்கின்றன. அவற்றில் பெரியது, சூரியனைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆரம் கொண்டது. முதுமையை நோக்கி உப்பத் தொடங்கிய, ஆரஞ்சு நிற விண்மீன் அது. உப்பிய விண்மீனில் கொதிப்பு அடுக்கு ஆழமானது. ஆழமான கொதிப்பும் வேகமான சுழற்சியும் சேர்ந்தால் உள்ளே காந்தப்புலத்தை உருவாக்கும் டைனமோ மூர்க்கமாக ஓடும். விளைவாகப் புள்ளிகள் முகத்தின் சில சதவீதத்தை அல்ல, பல பத்து சதவீதத்தை மூடிக்கொள்கின்றன. பெகாசஸ் மண்டலத்தில் உள்ள II பெகாசி என்ற விண்மீன் இதற்கு நல்ல சாட்சி. அதன் நிறமாலையில் டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறின் தடம் தெரிகிறது. அந்த விண்மீனின் சாதாரண மேற்பரப்புச் சூட்டில் அந்த மூலக்கூறு பெரும்பாலும் உடைந்துபோகும், ஆறிய புள்ளிகளுக்குள்தான் தாராளமாக உருவாகும். அதன் வலிமையை அளந்து பார்த்ததில், புள்ளிகளின் வெப்பநிலை சுமார் 3,500 கெல்வின் என்றும், சில சமயங்களில் முகத்தில் பாதியளவை அவை மூடியிருக்கின்றன என்றும் தெரிந்தது. பாதி முகம் கறுத்த சூரியனை நினைத்துப் பாருங்கள்.

ஒளி கூடிக் குறைவதைப் படித்தல்

இந்த விஷயத்தில் முதல் துப்பு 1940-களில் கிடைத்தது. லிக் வானாய்வகத்தைச் சேர்ந்த ஜெரால்ட் குரோன், ஏ.ஆர். லாசெர்ட்டே என்ற இரட்டை விண்மீனை ஒளிமின் கருவி வைத்து அளந்துகொண்டிருந்தார். இரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும் ஜோடி அது. ஒரு விண்மீன் இன்னொன்றை மெல்ல மெல்ல மூடும்போது ஒளி சீராகக் குறைய வேண்டும். இங்கே சீராகக் குறையவில்லை. மூடப்படும் முகத்தில் திட்டுகள் இருந்தால்தான் இப்படி வரும் என்று 1947-ல் அவர் எழுதினார். முன்னால் போகும் விண்மீனின் விளிம்பே ஒரு கத்திபோல, பின்னால் இருப்பதன் முகத்தைத் துண்டு துண்டாக அளந்து காட்டியது. இவ்வளவு அழகான அந்த யோசனையை அப்போது பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் அது கிடப்பில் கிடந்தது.

1976-ல் டக்ளஸ் ஹால் இத்தகைய ஜோடிகளை ஒரே குடும்பமாகத் தொகுத்தார். ஆர்.எஸ். கேனம் வெனாடிகோரம் என்ற விண்மீனின் பெயரே குடும்பப் பெயரானது. இவற்றின் நிறமாலையில் கால்சியத்தின் எச், கே கோடுகளுக்குள் பளிச்சென்று ஒளி எழும், காந்தச் செயல்பாட்டின் அடையாளம் அது. (இந்தக் கே கோட்டு ஒளியின் அகலத்துக்கும் விண்மீனின் உண்மையான பிரகாசத்துக்கும் உள்ள உறவை 1957-ல் ஆலின் வில்சனோடு சேர்ந்து வெளியிட்டவர் நம் நாட்டு வானியலாளர் வைணு பாப்பு.) மறைப்பு நிகழாத நேரத்திலும் இவற்றின் ஒளி அலைபோல ஏறி இறங்கும். அந்த அலையும் ஓரிடத்தில் நிற்காமல் மாதக்கணக்கில் மெல்ல நகரும். கரும்புள்ளிகள் நிறைந்த பக்கம் நம்மை நோக்கித் திரும்பும்போது ஒளி மங்குகிறது என்பதுதான் இதற்கு நிலைத்து நின்ற விளக்கம்.

இதைக் கவனிக்கப் பெரிய தொலைநோக்கி தேவையில்லை, பொறுமை தேவை. அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையில் தொலைநோக்கி வைத்திருந்த ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் அளவுகள் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் ஜவ்வாது மலைக் காவலூரிலும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சிறிய தொலைநோக்கி ஒன்றை வைத்து எச்.ஆர். 1099 உள்ளிட்ட இந்தக் குடும்பத்து விண்மீன்களைப் பல பருவங்கள் தொடர்ந்து அளந்தார்கள். பெரிய கண்டுபிடிப்புகளைப் பேசும்போது இந்த மாதிரி வேலை கண்ணில் படாமல் போய்விடுகிறது. ஆனால் ஒரு விண்மீனின் புள்ளிகள் பத்து, இருபது ஆண்டுகளில் எப்படி மாறின என்று கேட்டால், பதில் இந்த அளவுகளில்தான் இருக்கிறது.

சரி, ஒளி நேரத்துக்கு நேரம் ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டை, அதாவது ஒளி வளைவை, மட்டும் வைத்து வரைபடம் வரைந்துவிடலாமா? முழுதாக முடியாது. அதில் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரே ஓர் எண்தான் இருக்கிறது. வரைய வேண்டியதோ இரண்டு திசைகளில் விரியும் பரப்பு. புள்ளி எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்பதை ஒளி எப்போது மங்குகிறது என்பதிலிருந்து நன்றாகவே சொல்லலாம். எந்த அட்சரேகை என்பது நழுவுகிறது. சிறிய, மிகவும் ஆறிய புள்ளியும், பெரிய, கொஞ்சமே ஆறிய புள்ளியும் ஒரே அளவு மங்கலைத் தரும். இரண்டு நிறங்களில் அளந்தால் இந்தக் குழப்பம் கொஞ்சம் தீரும். துருவத்தில் இருக்கும் புள்ளியின் நிலைமை இன்னும் மோசம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அது நம் கண்ணில் இருக்கும் என்பதால் ஒளி ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. புள்ளியே இல்லாதபோது விண்மீன் எவ்வளவு பிரகாசமாக இருந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், அது ஒளி வளைவிலிருந்து அப்படியே மறைந்துவிடுகிறது.

குடைராட்டினத்தில் அணைந்த பல்பு

இந்தச் சிக்கலை உடைத்தது டாப்ளர் படமாக்கம். வேதியியல் திட்டுகள் கொண்ட வேறு வகை விண்மீன்களுக்கு இந்த யோசனையை 1950-களிலேயே ஆர்மின் டாய்ச் முன்வைத்திருந்தார், 1970-களில் சோவியத் கணிதவியலாளர்கள் அதைச் செம்மைப்படுத்தினார்கள். கரும்புள்ளிகளுக்கு அதைப் பயன்படுத்தி, 1983-ல் எச்.ஆர். 1099-ன் முகத்தை வரைந்து காட்டியவர்கள் லிக் வானாய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் வோக்டும் டொனால்ட் பென்ராடும்.

திருவிழாவில் இரவு நேரத்தில் சுழலும் குடைராட்டினத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குடை முழுக்க, நடுக்கம்பத்திலிருந்து விளிம்புவரை பல்புகள். தூரம் அதிகம் என்பதால் தனித்தனி பல்புகள் தெரியவில்லை, ஒரே வெளிச்சமாகத்தான் தெரிகிறது. ஆனால் நம்மை நோக்கி வரும் பல்பின் ஒளி துளி நீலத்துக்கும், விலகிப் போகும் பல்பின் ஒளி துளி சிவப்புக்கும் நகர்ந்திருக்கும், இதுதான் டாப்ளர் விளைவு. விளிம்பில் இருப்பவை அதிகமாக நகரும், கம்பத்தை ஒட்டி இருப்பவை ஏறக்குறைய நகராது. இப்போது மொத்த வெளிச்சத்தை நிறம் வாரியாகப் பிரித்தால், எந்த வேகத்தில் எவ்வளவு ஒளி வருகிறது என்று ஒரு பட்டியலே கிடைத்துவிடும். விளிம்பில் ஒரு பல்பு அணைந்தால், அந்தப் பட்டியலில் ஒரு சிறிய குறை தோன்றி நீல ஓரத்திலிருந்து சிவப்பு ஓரம்வரை விறுவிறுவென்று ஓடும். கம்பத்தருகே அணைந்த பல்பின் குறை நடுவிலேயே கொஞ்சம் இங்கும் அங்கும் ஆடும். குறை எங்கே தோன்றுகிறது, எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதைப் பார்த்தால் போதும். அணைந்த பல்பின் இடம் தெரிந்துவிடும்.

விண்மீனில் பல்புகளின் இடத்தில் இருப்பவை நிறமாலைக் கோடுகள். ஒரு கோடு என்பது ஒளியில் விழுந்த பள்ளம். வேகமாகச் சுழலும் விண்மீனில் ஒவ்வொரு பகுதியின் பள்ளமும் வெவ்வேறு இடத்துக்கு நகர்ந்து, எல்லாம் சேர்ந்து ஒரே அகன்ற பள்ளமாகிவிடும். கரும்புள்ளி இருக்கும் இடத்திலிருந்து ஒளியே குறைவாக வருவதால், பள்ளத்தைத் தோண்டுவதில் அந்த இடத்தின் பங்கும் குறைகிறது. ஆகவே பள்ளத்தின் அடியில் ஒரு சின்ன மேடு எழும்புகிறது. விண்மீன் சுழலச் சுழல அந்த மேடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஊர்ந்து போகும். நடுக்கோட்டுப் புள்ளியின் மேடு முழு அகலத்தையும் கடக்கும். உயர்ந்த அட்சரேகையில் இருப்பது மையத்தை ஒட்டி மெதுவாகப் போகும். ஒளி வளைவிலிருந்து நழுவிய அட்சரேகை இங்கே பிடிபட்டுவிடுகிறது.

இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. விண்மீன் போதுமான வேகத்தில் சுழல வேண்டும். எச்.ஆர். 1099-ன் பெரிய விண்மீன் நம் பார்வைத் திசையில் நொடிக்கு சுமார் 40 கிலோமீட்டர் வேகம் காட்டுகிறது. சூரியனின் நடுக்கோட்டு வேகம் வெறும் 2 கிலோமீட்டர், வாயுவின் கொதிப்பே அதை மூழ்கடித்துவிடும். நமக்கு மிக நெருக்கமான விண்மீனைத் தொலைவிலிருந்து இந்த முறையில் வரைய முடியாது என்பது வேடிக்கையான உண்மை. அப்புறம், மேடு மிகச் சிறியது என்பதால் நிறமாலையில் இரைச்சல் சில நூறில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். சுழற்சியின் எல்லாக் கோணங்களிலும் அளவுகள் வேண்டும். அதற்குள் புள்ளிகளே மாறிவிடக் கூடாது. இரட்டை விண்மீன் என்றால் துணை விண்மீனின் கோடுகளும் குறுக்கே வரும், அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும்.

ஆனால் உண்மையான கடினம் கணக்கில் இருக்கிறது. வரைபடத்தைக் கொடுத்துக் கோட்டின் வடிவத்தைக் கேட்டால் கணினி உடனே சொல்லிவிடும். கோட்டைக் கொடுத்து வரைபடத்தைக் கேட்டால் ஒன்றல்ல, ஆயிரம் வரைபடங்கள் பொருந்தும். சுவரில் விழுந்த நிழலைப் பார்த்துக் கையின் வடிவத்தைச் சொல்வதுபோல. அதனால் கூடுதலாக ஒரு விதி வைக்கிறார்கள்: அளவுகளுக்குப் பொருந்தும் படங்களில் மிக எளியதை, தேவையில்லாத விவரம் எதுவும் இல்லாததைத் தேர்ந்தெடு. வோக்டின் குழு இதற்குப் பேரளவு எண்ட்ரோபி என்ற கணித வழியைப் பயன்படுத்தியது. எந்த வழியானாலும் வரைபவரின் தேர்வு படத்துக்குள் நுழைந்துவிடுகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, படத்தைப் பார்ப்பவர் மறக்கக் கூடாத விஷயம் இது.

தங்கள் முறையைச் சோதிக்க அவர்கள் 1987-ல் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. கணினியில் ஒரு பொய் விண்மீனை உருவாக்கி, அதன் முகத்தில் கரும்புள்ளிகளால் ‘வோக்ட் ஸ்டார்’ என்று எழுதினார்கள். அதிலிருந்து வரும் நிறமாலையைக் கணக்கிட்டு, இரைச்சலையும் கலந்து, அந்த நிறமாலையை மட்டும் வைத்து முகத்தைத் திரும்ப வரையச் சொன்னார்கள். எழுத்துகள் திரும்ப வந்தன. நம்மை நோக்கிச் சாய்ந்த அரைக்கோளத்தில் தெளிவாகவும், கீழே போகப் போக இழுபட்டு மங்கலாகவும் வந்தன. அந்த மங்கலும் ஒரு பாடம். எச்.ஆர். 1099-ன் அச்சு நம் பார்வைத் திசைக்கு 38 பாகை அளவில் சாய்ந்திருக்கிறது. அதனால் தெற்கு 38 பாகைக்கு அப்பால் உள்ள பகுதி நமக்கு எப்போதுமே தெரியாது. நடுக்கோட்டுக்குக் கீழே வரையப்பட்ட எதையும் கொஞ்சம் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

துருவத்துத் தொப்பி உண்மையா?

சூரியனில் கரும்புள்ளிகள் நடுக்கோட்டின் இருபுறமும் 40 பாகைக்குள்தான் வரும். துருவத்தில் ஒருபோதும் வந்ததில்லை. ஆனால் எச்.ஆர். 1099-ல் மட்டுமல்ல, வரைந்த விண்மீன்களில் பலவற்றிலும் துருவத்தின் மேல் பெரும் புள்ளி உட்கார்ந்திருந்தது. எச்.ஆர். 1099-ன் 23 படங்களிலும் கீழே இருந்த திட்டுகள் வந்தன, போயின, நகர்ந்து மேலே சேர்ந்தன. தொப்பி மட்டும் 11 ஆண்டுகளாகக் கலையாமல் இருந்தது.

எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வந்தால் சந்தேகம் வருவது இயல்பு. துருவப் புள்ளியின் தடம் மேடாக ஊராது. கோட்டுப் பள்ளத்தின் நடுவிலேயே நின்று அடியைத் தட்டையாக்கும், அவ்வளவுதான். மேற்பரப்புக்கு மேலே உள்ள நிறக்கோளம் சூடாக இருந்தாலும் கோட்டின் நடுப்பகுதியை ஒளியால் நிரப்பித் தட்டையாக்கலாமே என்று எதிர்த் தரப்பு கேட்டது. நியாயமான கேள்வி. அப்படியானால் தொப்பி விண்மீனில் இல்லை, நம் கணக்கில்தான் இருக்கிறது.

இதற்குப் பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. தட்டையாதல் விண்மீனின் சாய்வைப் பொறுத்து மாறுவது தெரிந்தது. துருவம் நம்மை நோக்கிச் சாய்ந்த விண்மீன்களில் தட்டை அதிகம், பக்கவாட்டில் தெரியும் விண்மீன்களில் குறைவு. உண்மையில் துருவத்தில் புள்ளி இருந்தால் இப்படித்தான் இருக்க வேண்டும். கோட்பாட்டுப் பக்கத்திலிருந்து 1992-ல் மான்ஃப்ரெட் ஷூஸ்லரும் சாமி சோலாங்கியும் ஒரு விளக்கம் தந்தார்கள். கொதிப்பு அடுக்கின் அடியிலிருந்து காந்தக் குழாய்கள் மிதந்து மேலே வருகின்றன. சூரியனில் அவை ஏறக்குறைய நேராக மேலே வந்து தாழ்ந்த அட்சரேகையில் வெளிப்படும். வேகமாகச் சுழலும் விண்மீனில், சுழற்சியால் எழும் கொரியோலிஸ் விசை மிதக்கும் விசையை வென்று, குழாயை அச்சுக்கு இணையாக வளைத்துத் துருவத்தருகே கொண்டுபோய் விடும்.

இருந்தாலும் இவை எல்லாமே மறைமுகச் சான்றுகள். நேரடிச் சாட்சி வர 2016 ஆகிவிட்டது. அது வந்த இடம், ஹேல் காந்தப்புலத்தைக் கண்டுபிடித்த அதே மவுண்ட் வில்சன்.

அங்கே சாரா என்ற வரிசை இருக்கிறது. ஒவ்வொன்றும் 1 மீட்டர் அகலமுள்ள ஆறு தொலைநோக்கிகள், மலைமேல் பரப்பி வைக்கப்பட்டவை. இரண்டு கோடியில் உள்ளவற்றுக்கு இடையே 331 மீட்டர் தூரம். ஆறிலும் விழும் ஒளியைக் குழாய்கள் வழியே ஓரிடத்துக்குக் கொண்டுவந்து ஒன்றோடொன்று குறுக்கிடச் செய்தால், நுணுக்கத்தில் 331 மீட்டர் தொலைநோக்கி பார்ப்பதைப் பார்க்கலாம். ரேச்சல் ராட்டன்பாக்கரின் குழு இதை வைத்து ஆண்ட்ரோமெடா மண்டலத்தின் ஸீட்டா ஆண்ட்ரோமெடே என்ற விண்மீனை 2011-லும் 2013-லும் அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்தது. 181 ஒளியாண்டு தொலைவு, சூரியனைப்போல் 15 மடங்கு ஆரம், 17.8 நாள் சுழற்சி. வெறும் கண்ணுக்கே தெரியும் விண்மீன்தான். துணையின் ஈர்ப்பால் சற்று நீண்டு முட்டை வடிவம் கொண்டது. இந்த நீட்சியும் ஒளியை ஏற்றி இறக்கும் என்பதால், ஒளி வளைவை மட்டும் பார்ப்பவர் அதையும் புள்ளி என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. வட்டத்தையே நேரில் பார்க்கும் முறைக்கு அந்தக் குழப்பம் இல்லை.

படத்தில் துருவத்துக் கரும்புள்ளி இருந்தது. இரண்டு ஆண்டுகளிலும் இருந்தது. கோட்டின் அடி தட்டையாக இருக்கிறதா என்ற வாதத்துக்கே இங்கே இடமில்லை. நிறமாலைக் கோடு எதையும் தொடாமல், விண்மீனின் உருவத்திலேயே தெரிந்தது. தொப்பியைப் பற்றிய என் சந்தேகம் தீர்ந்தது இந்த இடத்தில்தான். ஒரு முறையை அந்த முறையை வைத்தே சரிபார்க்க முடியாது. வேறு இயற்பியலில் ஓடும் இன்னொரு முறை வந்து அதே இடத்தைச் சுட்டியபோது அதை நம்பாமல் இருக்கக் காரணமே இல்லை.

அந்தப் படம் இன்னொன்றையும் சொன்னது. தாழ்ந்த அட்சரேகைத் திட்டுகள் வடக்கிலும் தெற்கிலும் சமமாக இல்லை, சூரியனைப்போல் இரண்டு பட்டைகளாக அமையவும் இல்லை. டாப்ளர் முறைக்கு வடக்கையும் தெற்கையும் பிரித்துச் சொல்வது எப்போதும் சிரமம். நேரடிப் படத்துக்கு அது சிரமமில்லை. மிதுன மண்டலத்தின் சிக்மா ஜெமினோரமை ஒளி வளைவு, டாப்ளர், குறுக்கீடு என்று மூன்று முறைகளிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வரைந்து ஒப்பிட்டும் பார்த்தார்கள். பெரிய புள்ளிகள் பொதுவாக ஒத்துப்போயின, நுணுக்கங்கள் முறைக்கு முறை வேறுபட்டன.

எந்த முறையும் பிடிக்காதவையும் இருக்கின்றன. எஸ்.வி. காமலோபர்டாலிஸ் என்ற மறைப்பு ஜோடியை 2001-ல் ஹபிள் தொலைநோக்கி அளந்தது. துணை விண்மீன் மறைத்த பகுதியிலிருந்து, கணிப்பு சொன்னதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவான ஒளியே வந்திருந்தது. படத்தில் தனித்தனியாகத் தெரியாத அளவுக்குச் சிறிய புள்ளிகள் முகம் முழுக்கத் தூவிக் கிடக்கின்றன என்பதே அதற்குத் தரப்பட்ட விளக்கம். குரோனின் அந்தப் பழைய கத்திதான், இன்னும் கூர்மையாக. ஆக, வரைபடத்தில் சுத்தமாகத் தெரியும் இடம் உண்மையில் சுத்தமாக இருக்க வேண்டியதில்லை.

காந்தப்புலத்தையே வரையும் முறையும் உண்டு. மெய்ர் செமெல் 1989-ல் முன்வைத்து, ஜான்-ஃபிரான்சுவா டொனாட்டி வளர்த்தெடுத்தது. ஒளியின் முனைவாக்கம், அதாவது ஒளி அலை அதிரும் திசை, கோட்டுக்குள் எப்படி மாறுகிறது என்று அளந்து, காந்தப்புலத்தின் திசையையும் வலிமையையும் முகத்தில் வரைகிறார்கள். எச்.ஆர். 1099-தான் இதற்கும் ஆரம்பகாலச் சோதனைக்களம். காந்தம் மிக வலுவாக இருக்கும் கரும்புள்ளியிலிருந்துதான் மிகக் குறைவான ஒளி வருகிறது என்பது இதன் பெரிய இடைஞ்சல். அதனால் காந்த வரைபடமும் புள்ளி வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே பொருந்துவதில்லை.

பதினாறு ஆண்டுகள், 99 படங்கள்

கடைசியாக, முக்கோண மண்டலத்தில் உள்ள எக்ஸ்.எக்ஸ். டிரையாங்குலி. ஏறத்தாழ 24 நாளில் ஒரு சுற்று முடிக்கும் பெருவிண்மீன், இதுவும் இரட்டைதான். 1999-ல் கிளாஸ் ஸ்ட்ராஸ்மையர் இதன் முகத்தில் 12-க்கு 20 சூரிய ஆரம் அளவுள்ள ஒரு புள்ளியை வரைந்து வெளியிட்டார். சூரியனையே பலமுறை உள்ளே வைக்கலாம். அப்போது விண்மீனின் ஒளி ஒரு சுற்றுக்குள் 0.63 ஒளிப்பருமன் (வானியலில் பிரகாசத்தின் அளவுகோல்) ஏறி இறங்கியது. ஒரு பக்கத்தைவிட மறுபக்கத்தின் ஒளி நாற்பது சதவீதத்துக்கும் அதிகமாகக் குறைந்திருந்தது என்று பொருள்.

ஒரு சுற்றுக்கு 24 நாள் என்றால் ஒரு படத்துக்கே மாதக்கணக்கில் இரவுகள் வேண்டும். எந்த ஆய்வாளருக்கும் பெரிய தொலைநோக்கியில் அவ்வளவு நேரம் கிடைக்காது. ஜெர்மனியின் போட்ஸ்டாம் வானியற்பியல் நிறுவனம் டெனெரிஃப் தீவில் ஸ்டெல்லா என்ற தானியங்கித் தொலைநோக்கிகளை வைத்து இதைத் தீர்த்தது. 2006 முதல் 2022 வரை அவை அந்த விண்மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தன. கிடைத்தவை 99 டாப்ளர் படங்கள். 2024-ல் வெளியான முடிவு: புள்ளிகள் பிறக்கின்றன, வளர்கின்றன, சிதைகின்றன, ஆனால் சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சிபோல எந்த ஒழுங்கும் அதில் தென்படவில்லை. அதன் டைனமோ ஒழுங்கற்றதாக, திரும்பத் திரும்ப வராததாக இருப்பதாகவே படங்கள் காட்டுகின்றன.

இந்தப் பதினாறு ஆண்டுகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு சாமுவேல் ஷ்வாபே நினைவுக்கு வந்தார். ஜெர்மனியின் டெசாவ் நகரத்து மருந்தாளர். 1826-லிருந்து 17 ஆண்டுகள், வானம் தெளிந்த ஒவ்வொரு நாளும் சூரியப் புள்ளிகளை எண்ணி எழுதிவைத்து, அவை ஒரு சுழற்சியில் கூடிக் குறைகின்றன என்று முதலில் சொன்னவர் அவர். அவர் தேடியது சுழற்சியை அல்ல. புதனுக்கு உள்ளே ஒரு கோள் இருந்தால் அது சூரியனைக் கடக்கும்போது கறுப்புப் பொட்டாகத் தெரியும் என்று நம்பினார். கரும்புள்ளியைக் கோள் என்று எண்ணி ஏமாறாமல் இருக்கத்தான் புள்ளிகளைக் கணக்கெடுத்தார்.

எக்ஸ்.எக்ஸ். டிரையாங்குலியின் படங்களிலும் அதே கவலை திரும்ப வந்திருக்கிறது. பெரும் புள்ளி ஒரு பக்கத்தை மறைப்பதால், விண்மீனின் ஒளி மையம் அதன் ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் தள்ளிப்போகிறது. கோள் ஒன்று சுற்றினால் விண்மீன் இடம் அசையும், அந்த அசைவை அளந்து கோள்களைத் தேடும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அங்கே இந்தத் தள்ளலையும் கணக்கில் எடுத்துக் கழிக்க வேண்டும். அதுவும் சுழற்சி எதற்கும் கட்டுப்படாமல் மாறும் தள்ளல்.